பழைய காரும் பழைய கடனும்

என் பாட்டனார் உழவு மாடு வாங்கப் போகும்போது என்னையும் கூட்டிச் செல்வது வழக்கம். மாட்டின் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நாலு அடி நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார். எல்லாம் பார்த்து முடிந்தபின் மாட்டை விட்டுவிட்டு, மாட்டுக்காரனின் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். "மாட்டுக்கு வாயில்லைத் தம்பி, அதுக்காகப் பேசுறவன் இவன்தானே" என்றார்.

அந்தச் சொல்லின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது அறுபத்தைந்தாவது வயதில். அதுவும் யாழ்ப்பாணத்தில் அன்று, இங்கிலாந்தில். மாடு வாங்கப்போன இடத்தில் அன்று, கார் வாங்கப்போன இடத்தில்.

2019ஆம் ஆண்டு கோடை காலத்தில் நானும் மனைவியும் இலண்டனில் வேலை பார்க்கும் மகனுடன் மூன்று மாதம் தங்கியிருந்தோம். ஒரு நாள் இராச் சாப்பாட்டின்போது அவன் தன் நெடுநாளைய ஆசையை வெளியிட்டான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கப் போகிறானாம்.

"எத்தனை பேர் இருக்கலாம்?" என்று கேட்டாள் தாய்.

"இரண்டு பேர், அம்மா."

"அப்ப நாங்கள் வந்தால் ஒருவர் பின்னாலே ஓடி வரவேணுமோ?"

மகன் சிரித்துச் சமாளித்தான். நான் தலையிடவில்லை. வாலிப வயதில் எனக்கு வராத ஆசையா? வசதி வரவில்லை, அவ்வளவுதான்.

அவன் விரும்பியது மஸ்டா எம். எக்ஸ். 5 என்னும் ஜப்பானியக் கார். திறந்து மூடக்கூடிய துணிக் கூரை, தாழ்ந்த உடம்பு, இரண்டே இருக்கைகள். 1960களில் ஆங்கிலேயர் இத்தகைய சிறிய திறந்த கார்களைச் செய்து உலகத்தை மயக்கினார்கள். அவற்றில் இன்பம் மிகுதி. எண்ணெய் ஒழுக்கும் மிகுதி. அந்த இன்பத்தை வைத்துக்கொண்டு ஒழுக்கை மட்டும் நீக்கியவர்கள் ஜப்பானியர் என்று சொல்லலாம். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட அந்தக் கார், 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வண்டியைக் கண்டது. இருவர் மாத்திரம் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகிலேயே அதிகம் விற்பனையானது இதுதான். மகன் தேடியது 1998 முதல் 2005 வரை செய்யப்பட்ட இரண்டாம் தலைமுறைக் கார்.

பழைய கார் எதுவானாலும் ஐயத்தோடுதான் வாங்கவேண்டும். ஸ்போர்ட்ஸ் காரென்றால் ஐயம் இரட்டிப்பு. குடும்பக் கார் கடைக்கும் பாடசாலைக்கும் போய் மெல்ல மெல்ல முதுமை அடைகிறது. ஸ்போர்ட்ஸ் காரோ இன்பத்துக்காக வாங்கப்பட்டது. அதை ஒருவர் பிள்ளைபோலப் பேணியிருப்பார். இன்னொருவர் விரட்டு விரட்டென்று விரட்டி, மதிலில் மோதி, மை பூசி மறைத்திருப்பார். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னும். ஆகவே எத்தனை மைல் ஓடியது என்பதிலும், யார் கையில் ஓடியது என்பதே பெரிய கேள்வி.

முதலில் ஒரு வியாபாரியின் விற்பனை நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிச் சுவர், பளபளக்கும் தரை, கோப்பி உபசாரம். நடுவே செந்நிறத்தில் நின்றது அந்தக் கார். விலை 4,800 பவுண். மூன்று மாத உத்தரவாதமும் உண்டு. மகனின் கண்கள் மலர்ந்தன. நான் விற்பனையாளரான இளைஞரிடம், "இதை முன்னர் வைத்திருந்தவர் யார்? ஏன் விற்றார்?" என்று கேட்டேன். அவர் மிகுந்த மரியாதையோடு, "ஐயா, இரண்டு வாரத்துக்கு முன் ஏலத்தில் எடுத்தோம். அதற்கு முந்திய கதை எங்களுக்குத் தெரியாது" என்றார். பொய் சொன்னாரென்று நான் நினைக்கவில்லை. அந்தக் காரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதன் விலை ஒன்றுதான்.

வீடு திரும்பும்போது மகன் சட்டத்தை விளக்கினான். இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் வியாபாரியின் மீது பெரும் பொறுப்பைச் சுமத்தியிருக்கிறது. அவர் விற்கும் கார், அதன் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற திருப்தியான தரத்தில் இருக்கவேண்டும். வாங்கும்போதே இருந்த குறை வெளிப்பட்டால், முப்பது நாளுக்குள் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிடலாம். அதன் பின்னும், திருத்தித் தரும்படி கேட்கலாம். ஆறு மாதத்துக்குள் அவ்வாறு கேட்டால், விற்ற நாளில் அந்தக் குறை இருக்கவில்லை என்று நிரூபிக்கவேண்டியவர் வியாபாரியே. "கண்டபடியே விற்கப்பட்டது" என்று பற்றுச்சீட்டில் எழுதிவைத்தாலும் வாடிக்கையாளரின் இந்த உரிமை போகாது. ஆனால், வாங்குமுன் சுட்டிக்காட்டிய குறைக்குப் பின்னர் முறையிட முடியாது.

தனியாரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை. விற்பவருக்கு அதை விற்கும் உரிமை இருக்கவேண்டும். அவர் சொன்ன விவரத்துக்குக் கார் ஒத்திருக்கவேண்டும். பொய் சொல்லி ஏமாற்றக்கூடாது. இவ்வளவுதான். கேளாததைச் சொல்லவேண்டும் என்ற கடமை பொதுவாக அவருக்கில்லை. நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டமும் அக்காலத்து ஆங்கிலச் சட்டத்தைத் தழுவியதுதான். பொருளின் தரத்துக்கான பொறுப்பை அதுவும் அத்தகைய பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவர் மீதுதான் பெரும்பாலும் வைத்திருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். வேடிக்கையான நிலைமை! காரைப் பற்றி எல்லாம் அறிந்தவர் தனியார், அவருக்குப் பொறுப்பில்லை. பொறுப்புள்ளவர் வியாபாரி, அவருக்கு ஒன்றும் தெரியாது. அறிவை வாங்குவதா, பொறுப்பை வாங்குவதா? வியாபாரி கேட்கும் அதிக விலை பெரும்பாலும் அந்தப் பொறுப்பின் விலைதான்.

மகன் தனியாரையும் பார்க்கலாம் என்றான். விளம்பரமொன்றைக் கண்டு தொலைபேசியில் அழைத்து, "உங்கள் காரைப் பற்றி விசாரிக்கிறேன்" என்றான். மறுமுனையில், "எந்தக் கார்?" என்று கேட்டது குரல். மகன் உடனே தொலைபேசியை வைத்துவிட்டான். நான் திகைத்தேன். "அப்பா, வீட்டிலே ஒரு காரை விற்கிறவர் எந்தக் கார் என்று கேட்பாரோ? இவர் பல காரை வைத்துக்கொண்டு தனியார்போல நடிக்கிற வியாபாரி" என்றான். சட்டத்தின் பொறுப்பிலிருந்து நழுவவே இந்த வேஷம்; அங்கே அது குற்றமுமாகும். பாட்டனார் மாட்டுக்காரனின் முகத்தைப் பார்த்தார். பேரன் மகன் குரலைப் பார்த்தான். நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன்.

அடுத்ததாகக் கென்ற் பகுதியிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து விளம்பரம் வந்தது. 2003இல் செய்யப்பட்ட நீல நிறக் கார். விலை 3,000 பவுண். போகுமுன் மகன் செய்த முன்னேற்பாடுகளைக் குறிப்பிடவேண்டும். காரின் இலக்கத்தை வைத்து, ஆண்டுதோறும் நடக்கும் கட்டாயப் பரிசோதனையின் முடிவுகளை அரசாங்க இணையத் தளத்தில் இலவசமாகப் பார்த்தான். ஒவ்வொரு ஆண்டும் மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா, பரிசோதகர் என்ன எச்சரித்தார் என்பன அதில் இருந்தன. கடன் பாக்கி உண்டா, களவு போனதா, காப்புறுதி நிறுவனத்தால் சேதக் கணக்கில் தள்ளப்பட்டதா என்பதைச் சிறு கட்டணம் கொடுத்து அறிந்துகொண்டான். பதிவுப் புத்தகத்தில் ஒருவரின் பெயர் இருப்பதனால் மாத்திரம் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். அந்தப் புத்தகம் காரை வைத்திருப்பவரைத்தான் குறிக்கிறது. கடைசியாக, ஐந்து கேள்விகளை எழுதி விற்பவருக்கு அனுப்பினான். விபத்துப் பட்டதா? கறள் உண்டா? எஞ்சினின் பட்டி எப்போது மாற்றப்பட்டது? ஏன் விற்கிறீர்கள்? வேறு குறை ஏதும் தெரியுமா?

"இதை நேரிலே கேட்கலாமே?" என்றேன்.

"எழுத்திலே கேட்டால் எழுத்திலே மறுமொழி வரும், அப்பா. பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்ல ஏலாது."

மழையில்லாத ஒரு காலைப்பொழுதில் போனோம். ஈரமான காரில் மையின் குறை தெரியாது என்பது அவன் கணக்கு. வாசலில் நின்றவர் என் வயதையொத்த ஒரு ஆங்கிலேயர். மகன் முதலில் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்த்தான்; குளிர்ந்திருந்தது. எஞ்சினை முன்னரே சூடாக்கி வைத்தால் காலையில் அது படும் பாடு மறைந்துவிடும் அல்லவா? நான்கு ரயர்களையும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து உடம்பெங்கும் வைத்து வைத்துப் பார்த்தான். இரும்பின்மேல் பசை பூசி நிரப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

கிழவர் இதையெல்லாம் கோபமின்றிப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னர், "காந்தத்தை அங்கே வைத்துப் பயனில்லை. இப்படி வாருங்கள்" என்று காரின் பின்பக்கம் கூட்டிச் சென்றார். முழங்கால் நோவோடு மெல்லக் குனிந்து, கதவின் கீழே ஓடும் இரும்புச் சட்டத்தில், பின் சில்லுக்குச் சற்று முன்னால் விரலை ஊன்றினார். மை உதிர்ந்தது. உள்ளே செம்மண்போலக் கறள்.

"துணிக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னாலுள்ள குழாய் வழியாகக் கீழே போகவேண்டும். குப்பை அடைத்தால் நீர் இந்தச் சட்டத்துக்குள் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். இந்த வகைக் கார்களின் பெரும் நோய் இதுதான். நான் கவனிக்காமல் இருந்துவிட்டேன். மறுபக்கமும் இப்படித்தான். வெட்டி ஒட்டவேண்டும், மலிவாக முடியாது" என்றார். பிறகு தடித்த கோவை ஒன்றைக் கொண்டுவந்தார். பன்னிரண்டு ஆண்டுப் பற்றுச்சீட்டுகள் அதில் வரிசையாக இருந்தன. பட்டி மாற்றிய திகதியும் மைலும் அதிலே கண்டன. ஏன் விற்கிறார் என்ற கேள்விக்குத் தம் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "ஏறினால் இறங்க முடியவில்லை."

மகன் மகிழ்ச்சியோடு கோவையைப் புரட்டிக்கொண்டிருந்தான். நான் மட்டும் அந்தக் கறளையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் நெஞ்சு முப்பத்தெட்டு ஆண்டுகள் பின்னே போய்விட்டது.

1981ஆம் ஆண்டு. எனக்கு இருபத்தேழு வயது. ஆசிரியத் தொழிலில் சேர்ந்து சில ஆண்டுகள். தகப்பனார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் ஒன்று எங்கள் வீட்டில் நின்றது. எஞ்சின் தேய்ந்து எண்ணெயைக் குடிக்கத் தொடங்கியிருந்தது. புகைபோக்கியில் நீலப் புகை. தங்கையின் கலியாணத்துக்குப் பணம் தேவைப்பட்டது. விற்கத் தீர்மானித்தேன். தரகர் வந்து பார்த்தார். "மாஸ்டர், கனத்த எண்ணெயாய் இரண்டு போத்தல் விடுங்கோ. ஒரு கிழமைக்குப் புகை வராது" என்றார். விட்டேன். புகை நின்றது.

பரந்தனிலிருந்து ஓர் இளைஞர் வாங்க வந்தார். சுகவீனமுற்ற தாயை மாதந்தோறும் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வண்டி வேண்டுமென்றார். காரை அதிகம் பார்க்கவில்லை. "மாஸ்டர், எஞ்சின் எப்படி?" என்று கேட்டார். "ஓடிப் பாருமன்" என்றேன். அவர் சிரித்து, "நீங்கள் படிப்பிக்கிற ஆள். நீங்கள் குறை ஒன்றும் சொல்லாதபோது நான் என்னத்தை ஓடிப் பார்க்கிறது?" என்றார். பணத்தை எண்ணித் தந்தார். நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆம், ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தின் பின் அந்த எஞ்சின் நடுவழியில் நின்றுபோனதென்று தரகர் மூலமாகக் கேள்விப்பட்டேன். அவர் வந்து சண்டை பிடிப்பார் என்று பல நாள் பயந்திருந்தேன். அவர் ஒரு நாளும் என் வீட்டுப் படலையைத் தட்டவில்லை. தட்டியிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். பின்னர் போர் வந்தது, இடப்பெயர்வுகள் வந்தன. அவரும் அவருடைய தாயும் எங்கே போனார்களென்று நான் அறியேன்.

தனியாரிடம் வாங்குபவர் காரை மாத்திரமன்று, காருக்குரியவரின் மனச்சாட்சியையும் சேர்த்தே வாங்குகிறார். பரந்தன் இளைஞர் வாங்கியது என் தொழிலின் மதிப்பை; காரையன்று. இந்த ஆங்கிலேயரோ முன்பின் அறியாத இருவருக்குத் தம் காரின் புண்ணைத் தாமே குனிந்து காட்டினார். அவருக்கும் என்னைப்போல மௌனமாக நிற்க முடிந்திருக்கும்.

மகன் 2,850 பவுணுக்குக் காரை வாங்கினான். இரண்டு பக்கச் சட்டங்களையும் வெட்டி ஒட்டுவதற்கு 1,100 பவுணும், புதிய ரயர்களுக்கு 300 பவுணும் பின்னர் செலவாயின. மொத்தம் 4,250. வியாபாரியின் விலையிலும் 550 பவுண் குறைவு. பெரிய இலாபமென்று சொல்வதற்கில்லை. எஞ்சின் மறுநாளே நின்றிருந்தால் கேட்பாரும் இல்லை. ஆனால், செந்நிறக் காரின் சட்டங்களுக்குள் என்ன இருந்ததென்று எங்களுக்குத் தெரியாது. நீலக் காரில் தெரிந்தது. அந்த 550 பவுணிலும் பெரியது அந்தத் தெளிவு.

திரும்பி வரும்போது கூரையைத் திறந்துவிட்டான். காற்று முகத்தில் அடித்தது. அந்த இரைச்சலில் என் கதையை அவனுக்குச் சொன்னேன். அவன் வெகுநேரம் பேசவில்லை. பின், "அவர் வந்து கேட்டிருந்தால் காசைத் திருப்பிக் கொடுத்திருப்பீங்களோ, அப்பா?" என்றான். அப்போது காசெல்லாம் கலியாண வீட்டில் செலவாகிவிட்டது. "தெரியாது" என்றேன். அதுதான் உண்மை.

ஊருக்கு வந்தபின் 2022இல் என்னுடைய பழைய நிசான் காரை விற்கவேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி அப்போதும் தடைப்பட்டே இருந்தது. தனியார் கார்களுக்கு 2025இன் தொடக்கத்தில்தான் மீண்டும் கதவு திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய இரும்புக்கும் பொன்னின் விலை. தரகர் நல்ல விலைக்கு ஒருவரைக் கூட்டி வந்தார். நான் ஒரு தாளில் காரின் குறைகளை இலக்கமிட்டு எழுதி அவர் கையில் கொடுத்தேன். மொத்தம் ஏழு. அவர் அதை வாசித்து, நிதானமாக ஒரு இலட்சம் ரூபாவைக் குறைத்தார். தரகர் தலையில் கைவைத்துக்கொண்டு, "மாஸ்டர், உங்களுக்கு வியாபாரம் தெரியாது" என்றார்.

தெரியும். ஒருமுறை செய்திருக்கிறேன்.

கார் வாங்க எண்ணும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரம் அறியாதவர்களும் முறையிட ஓர் இடம் வேண்டுமென்பவர்களும் கூடிய விலை கொடுத்து, பெயரும் முகவரியுமுள்ள வியாபாரியிடம் வாங்குவதே நன்று. எழுத்தில் உத்தரவாதம் பெறுங்கள். தனியாரிடம் வாங்குவதானால் அவர் வீட்டிலேயே, பகல் வெளிச்சத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். நம் நாட்டில் பதிவுப் புத்தகத்தில் குத்தகை நிறுவனத்தின் பெயர் முழு உரிமையாளராக இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் கடன் தீர்த்த சான்றின்றிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். எல்லாம் பார்த்து முடிந்தபின், "வேறு குறை ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டு, மறுமொழி வரும்வரை அவர் முகத்தைப் பாருங்கள்.

விற்பவராக நிற்கும் நேயர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. கேட்குமுன் சொல்லிவிடுங்கள். ஒரு இலட்சம் போகும், போகட்டும். பரந்தனுக்குக் கொடுக்கவேண்டிய கடன் அதனால் தீராது என்பதை அறிந்துதான் எழுதுகிறேன். ஆனால், புதிய கடன் ஒன்று அதன்மேல் ஏறவில்லை.